மார்கழியில ஒரு பொய், தையில ஒரு நிச்சயம்: பொங்கல் சீசன்ல போலி நிச்சயதார்த்தக் காதல் கதை எழுத முழு வழிகாட்டி

தொடர்கதை படிக்கிறவங்களுக்கு இந்த வகைக் கதை புதுசில்ல. ஒரு பொண்ணும் பையனும் ஏதோ ஒரு நெருக்கடியில "எங்களுக்குப் பேசி முடிச்சாச்சு"ன்னு வீட்ல பொய் சொல்றாங்க, பண்டிகைக்கு எல்லாரும் ஊர்ல கூடுறாங்க, நடிக்க ஆரம்பிச்சவங்க நிஜமாவே ஒருத்தர ஒருத்தர் விரும்பிடுறாங்க. வெளிநாட்டுல இது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் கதையா வரும், அங்க விரல்ல ஒரு மோதிரத்தப் போட்டுட்டு வந்து நின்னா போதும், அம்மா அப்பா கட்டிப்பிடிச்சு வாழ்த்திடுவாங்க, ஏன்னா அது அந்த ரெண்டு பேரோட முடிவு. அதை அப்படியே தூக்கிட்டு வந்து தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்துல வச்சா ரெண்டாவது எபிசோட்லயே கதை நின்னுடும். நம்ம வீட்ல "பேசி முடிச்சாச்சு"ன்னு சொன்ன அடுத்த நிமிஷம் யாரு பேசினா, எங்க பேசினா, பையன் என்ன நட்சத்திரம், தாய்மாமனுக்குச் சொல்லியாச்சான்னு நாலு பேர் நாலு பக்கம் இருந்து கேப்பாங்க.

நிச்சயம் நம்ம ஊர்ல ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல நடக்கிற விஷயம், அதனால பொய்யையும் ரெண்டு குடும்பம் சேர்ந்துதான் சுமக்க வேண்டி வரும். ஜோடி எப்போ முத்தம் குடுக்கும்ங்கிறத விட, நம்பி ஏமாந்த பெரியவங்களுக்கு இந்த ஜோடி என்ன பதில் சொல்லப்போகுதுங்கிறதுலதான் கதையோட உயிர் இருக்குன்னு நான் முழுசா நம்புறேன். கீழ சொல்றது எல்லாமே அந்த ஒரு நம்பிக்கையில இருந்து வர்றதுதான்.

உதாரணத்துக்கு ஒரு கதையையே கூட எடுத்துட்டுப் போறேன். யாழினி, 28 வயசு, சென்னையில ஐடி வேலை, சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். கதிர், 32, அந்த ஊர் பக்கத்துல உதவி வேளாண்மை அலுவலரா இருக்கான், யாழினியோட பெரியப்பா வீட்டு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கான், அவனுக்குச் சொந்த ஊர் முசிறி.

படி 1: காலண்டர எடுத்து வச்சுக்கோங்க

முதல் வேலை ஹீரோ ஹீரோயின் பேர் யோசிக்கிறது கிடையாது, காலண்டர். மார்கழியில நம்ம வீடுகள்ல கல்யாணம், நிச்சயம் எதுவும் வைக்க மாட்டாங்க. இந்த ஒரு வழக்கம் போலி நிச்சயக் கதைக்கு எவ்வளவு பெரிய வரம்னு யோசிச்சுப் பாருங்க. டிசம்பர் 16 வாக்குல மார்கழி பொறக்குது, ஜனவரி 14 இல்ல 15 தை 1 (2025ல 14, 2026ல 15, நீங்க எந்த வருஷத்துல கதைய வைக்கிறீங்களோ அதப் பாத்துக்கோங்க). நடுவுல இருக்கிற ஏறக்குறைய 30 நாளும் "மார்கழி முடியட்டும், தை பொறந்ததும் அவங்க வீட்ல இருந்து வர்றாங்க"ன்னு ஒரே வரியில எல்லார் வாயையும் அடைக்கலாம். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, ஏன்னா வீட்ல இருக்கிற பெரியவங்களே அதத்தான் சொல்லுவாங்க.

ஆனா அதே காலண்டர் தை 1 அன்னிக்குக் கழுத்தப் பிடிக்கும். தை பிறந்தால் வழி பிறக்கும்னு வீடே காத்துட்டு இருக்கும், அதுக்கப்புறம் தள்ளிப்போட ஒரு காரணமும் கிடைக்காது. அப்போ கதையோட முதல் பாதி மார்கழி, பொய் பாதுகாப்பா இருக்கிற காலம், ரெண்டாம் பாதி போகியில இருந்து காணும் பொங்கல் வரைக்கும் நாலு நாள், பொய் மூச்சு முட்டுற காலம். கெடுவ நீங்க தனியா கண்டுபிடிக்கவே வேண்டாம், பஞ்சாங்கமே குடுத்துருச்சு.

தீபாவளிய வச்சு எழுதலாமான்னு கேப்பீங்க. எழுதலாம், ஆனா தீபாவளியோட பெரிய கொண்டாட்டம் தலை தீபாவளி, அது கல்யாணம் ஆனவங்களோடது, நிச்சயம் ஆன ஜோடிக்கு அதுல பெருசா இடம் இல்ல. கிறிஸ்துமஸ் வேணும்னா நாகர்கோவில், தூத்துக்குடி, பாளையங்கோட்டை பக்கம் வைங்க, அங்க அந்தக் கதை நல்லாவே நிக்கும். வீட்டுக்கு வீடு ஸ்டார், குடில், ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ், நடு ராத்திரி ஆராதனைன்னு ஜோடி சேர்ந்து போக இடம் நிறைய. மார்கழிக்குப் பதிலா அங்க திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் இருக்கு, கத்தோலிக்கக் குடும்பங்கள்ல அப்போ பொதுவா கல்யாணம் வைக்கிறதில்ல. அதோட கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வாரம் ஓலை வாசிக்கிற வழக்கம் இருக்கு, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு சபை முன்னாடி கேப்பாங்க. பொய் நிச்சயத்துக்கு நிஜ ஓலை வாசிக்கிற நிலைமை வந்தா அதுவே ஒரு முழுக் கதை.

படி 2: பொய்க்குக் காரணம் இன்னொருத்தர் மேல இருக்கிற பாசமா இருக்கட்டும்

பாட்டிக்கு ஹார்ட் அட்டாக், சாகுறதுக்குள்ள பேத்தி கல்யாணத்தப் பாக்கணும்னு ஒரு காரணம் இருக்கு, தயவுசெஞ்சு அத விட்டுடுங்க. படிக்கிறவங்களுக்கு அந்தப் பாட்டி பொழச்சுக்குவாங்கன்னு முதல் வரியிலயே தெரிஞ்சுடும். சொத்து எழுதி வைக்கிற தாத்தாவும் அப்படித்தான்.

நம்ம வீடுகள்ல நிஜமா நடக்கிற ஒரு நெருக்கடிய எடுங்க. யாழினிக்குத் தங்கச்சி மலர். மலருக்கு நல்ல எடம் வந்திருக்கு, ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு, ஆனா மாப்பிள்ளை வீட்ல "மூத்தவளுக்கு முடியாம சின்னவளுக்கு எப்படிங்க செய்யறது, நாலு பேர் கேப்பாங்கல்ல"ன்னு இழுக்குறாங்க. மலர் ராத்திரி போன்ல அழுவுறா. யாழினிக்கு இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம், ஆனா தங்கச்சி வாழ்க்கை தன்னால நிக்குதுங்கிறத அவளால தாங்க முடியல. சபையில எல்லாரும் உக்காந்திருக்கப்ப வாய தொறந்து "எனக்கும் ஒருத்தர் இருக்காங்க, பேசியாச்சு"ன்னு சொல்லிடுறா, யாருன்னு கேட்டதும் கண்ணுக்கு எதிர்ல மாடிப்படி எறங்கி வர்ற கதிரக் காட்டிடுறா.

கதிருக்கும் ஒரு காரணம் வேணும், சும்மா அழகான பொண்ணு கேட்டான்னு ஒத்துக்கிட்டா அவன் மேல மரியாதை வராது. அவனுக்கு முசிறியில அத்தை பொண்ணு ஒருத்தி இருக்கா, சின்ன வயசுலயே இவனுக்குத்தான்னு ரெண்டு வீட்லயும் சொல்லி வச்சது. அவளுக்கு வேற ஒருத்தர் மேல விருப்பம், "மாமா, என்னால வீட்ல சொல்ல முடியாது, நீங்க வேண்டாம்னு சொல்லிடுங்க"ன்னு கெஞ்சியிருக்கா. இவன் காரணம் சொல்ல முடியாம ஒரு வருஷமா முழிச்சுட்டு இருக்கான். இப்போ காரணம் தானா வந்து நிக்குது.

ரெண்டு பேருமே தனக்காகப் பொய் சொல்லல, அதனால படிக்கிறவங்க அவங்கள மன்னிக்கத் தயாரா இருப்பாங்க. அதே நேரம் பொய் ஒடைஞ்சா ரெண்டு வேற பொண்ணுங்க வாழ்க்கை கவிழும், அதனால நெனச்ச உடனே வெளியவும் வர முடியாது.

படி 3: ஓட்டைய எல்லாம் நீங்களே முதல்ல கண்டுபிடிங்க

ஒரு பேப்பர எடுத்து வீட்ல இருக்கிற விவரமான அத்தை ஒருத்தங்க என்னென்ன கேப்பாங்கன்னு எழுதுங்க. ஒவ்வொரு கேள்விக்கும் கதையில பதில் இருக்கணும்.

சாதி. ரெண்டு பேரும் ஒரே சமூகமா வேற வேறயான்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணுங்க. எழுதாம விட்டா அந்தக் கேள்வி காணாம போயிடாது, படிக்கிறவங்க மனசுல உறுத்திட்டே இருக்கும். வேற வேறன்னா வீடு சுலபமா தலையாட்டாது, அப்போ கதையோட எடையே மாறும், அதுக்குத் தயாரா இருந்தா மட்டும் தொடுங்க. கடைசி எபிசோட்ல திடீர் திருப்பமா அதப் பயன்படுத்தாதீங்க, அது அவ்வளவு லேசான விஷயம் கிடையாது. நம்ம உதாரணத்துல ஒரே சமூகம், கிளைதான் வேற.

போன். இது ரொம்ப முக்கியம், நிறைய கதைங்க இதுலதான் மாட்டுது. பெரியப்பா சும்மா இருப்பாரா, மூணாவது நாளே கதிரோட அப்பா நம்பர வாங்கிப் பேசிடுவார். அத எப்படித் தடுக்கிறதுன்னு யோசிக்காதீங்க, பேச விடுங்க. முசிறியில போன எடுக்கிறது கதிரோட அம்மா. மூணு வருஷமா பையன் கல்யாணப் பேச்சையே எடுக்க விடல, திடீர்னு யாரோ ஒரு பெரிய மனுஷர் சம்பந்தி தோரணையில பேசுறார். அந்தம்மா ஒரு நொடி தடுமாறிட்டு "ஆமாங்கண்ணே, நாங்களே கூப்புடணும்னுதான் இருந்தோம்"ன்னு சொல்லிடுறாங்க. பையன விட்டுக்குடுக்காம, உள்ளுக்குள்ள சந்தோஷத்துல. அந்த ஒரு வாக்கியத்துல பொய் ரெண்டாவது குடும்பத்துக்குள்ள நுழைஞ்சாச்சு, அதுவும் ஒரு தாயோட ஆசையப் புடிச்சுட்டு. இந்தச் சீன நிதானமா எழுதுங்க, அவசரப்படாதீங்க.

ஒரே வீட்ல தங்குறது. நிச்சயம் ஆகாத மாப்பிள்ளை பொண்ணு வீட்ல வந்து நாலு நாள் தங்குறது கிராமத்துல நடக்காது. அதனாலதான் கதிர மாடியில குடி வச்சேன், அவன் ஏற்கனவே அங்க இருக்கான். உங்க கதையில வேற வழி கண்டுபிடிங்க, பக்கத்துத் தெரு, ஸ்கூல் வாத்தியார், பேங்க்ல வேலை, எதுவா இருந்தாலும் அவன் அங்க இருக்கிறதுக்கு இந்தப் பொய்ய விட பழைய காரணம் ஒண்ணு இருக்கணும்.

பயணம். ரயில் டிக்கெட் இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, 2024 நவம்பருக்கு முன்னாடி அது 120 நாள். போகிக்கு முந்தின நாள் சீட்டு வேணும்னா நவம்பர் நடுவுல காலையில 8 மணிக்கு உக்காந்திருக்கணும், கொஞ்ச நேரத்துல தீந்துடும். யாழினி திடீர்னு கிளம்புறான்னா மன்னை எக்ஸ்பிரஸ்ல ஜன்னலோரம் உக்காந்து போறான்னு எழுதாதீங்க, தட்கலுக்குப் போராடுறா, இல்லன்னா கிளாம்பாக்கத்துல ஸ்பெஷல் பஸ்ஸுக்கு நிக்குறா. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் 2023 டிசம்பர் 30ல திறந்தாச்சு, இன்னமும் இந்தக் காலத்துக் கதையில தென்மாவட்ட பஸ்ஸுக்குக் கோயம்பேட்டுல நிக்க வைக்காதீங்க.

படி 4: நெருக்கத்துக்கு நம்ம ஊர் வழிகள்

ஒரே ரூம், ஒரே கட்டில் நம்ம கதைக்கு ஒத்து வராது. அதப் பத்திக் கவலையே படாதீங்க, மார்கழி அத விட நல்லா குடுக்குது.

விடியக்காலை நாலரை மணி, பனி, கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு, வாசல்ல யாழினி கோலம் போடுறா. சாணி உருண்டையில பூசணிப் பூ வைக்கிற வழக்கம் இருக்குல்ல, கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கிற வீட்ல அந்தப் பூவ வைப்பாங்க, தையில பொண்ணு கேட்டு வருவாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. யாழினி வீட்ல இத்தனை வருஷமா பூ வச்சாங்க. இந்த வருஷம் அவளுக்குத்தான் முடிஞ்சுருச்சே, அப்பாயி (அப்பாவோட அம்மா) மலருக்கும் முடிஞ்சா மாதிரிதான்னு சொல்லிப் பூவ நிறுத்திடுறாங்க. வெறும் கோலத்தப் பாத்துட்டு நிக்கிறப்ப பொய் சொன்னவளுக்கு மனசு எப்படி இருக்கும், அதுக்குத் தனியா வசனம் எதுவும் தேவைப்படாது.

தனிமைய ஈசியா குடுத்துடாதீங்க. கரும்பு வாங்க பைக்ல போகச் சொல்லுவாங்க, ஆனா நடுவுல எட்டு வயசு சித்தி பையன் உக்காந்திருப்பான். அந்தப் பையன நல்லா பயன்படுத்துங்க, அவன் பாக்குறதெல்லாம் வீட்ல போய் ஒப்பிப்பான், அதனால ரெண்டு பேரும் அவன் முன்னாடி காதலர்கள் மாதிரி பேசியாகணும், ஆனா அளவாவும் பேசணும். முதல் சிரிப்பு அங்கதான் வரும்.

கூப்பிடுற விதத்தையும் கவனிங்க. அதுவரைக்கும் "கதிர் சார்"னு சொன்னவ இனிமே அப்படிச் சொல்ல முடியாது, பேரச் சொன்னா அப்பாயி முறைப்பாங்க, கடைசியில "அவங்க", "இங்க பாருங்க"ன்னு போய் நிக்கும். அவன் எந்த எபிசோட்ல வாங்க போங்கல இருந்து "நீ"க்கு மாறுறான்னு முன்கூட்டியே குறிச்சு வச்சுக்கோங்க, சும்மா அங்கயும் இங்கயும் மாத்தி மாத்தி எழுதினா படிக்கிறவங்க உடனே புடிச்சுடுவாங்க.

மார்கழி 27 கூடாரவல்லி, பெருமாள் கோயில்ல அக்காரவடிசல் குடுப்பாங்க, ஜனவரி 11 வாக்குல வரும். பாவை நோன்பே நல்ல கணவன் வேண்டி இருக்கிறதுதான், அன்னிக்கு அந்த ஜோடிய எல்லார் முன்னாடியும் ஒண்ணா நிக்க வைங்க.

படி 5: நடுவுல ஒரு நிஜ வேலை

நடிப்பு எங்க நிஜமாகுதுங்கிற இடம் பெரும்பாலும் மழையில நனையறதாவோ கால் சுளுக்கி விழறதாவோ இருக்கும். நான் சொல்றது மழைதான், ஆனா டெல்டா மழை.

ஜனவரியில சம்பா அறுவடை ஆரம்பிக்கும், நெல்ல ரோட்டுல காயப்போட்டிருப்பாங்க. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, அரசு தளர்வு குடுத்தாத்தான் உண்டு. அப்போ வர்ற மழை எவ்வளவு கொடுமைன்னு 2021 ஜனவரிய பாத்த டெல்டா ஜனங்களக் கேளுங்க, அறுக்க வேண்டிய பயிரு வயல்லயே சாஞ்சு மொளைச்சுப் போச்சு. இந்தப் பின்னணியில ராத்திரி ரெண்டு மணிக்கு மழை வருது.

இப்படி எழுதலாம்:

தார்ப்பாயோட ஒரு முனைய யாழினி புடிச்சிருந்தா, இன்னொரு முனை காத்துல பறந்துட்டு இருந்துச்சு. கதிர் செங்கல்லத் தூக்கிட்டு ஓடி வந்தான், வேட்டிய மடிச்சுக் கட்டியிருந்தான், கண்ணாடிய எங்கயோ வச்சுட்டு வந்துட்டான் போல, தடவித் தடவித்தான் கல்ல வச்சான்.

"அந்தப் பக்கம் தண்ணி போவுது, வாய்க்கா மாதிரி வெட்டி விடணும்," பெரியப்பா குரல் உடைஞ்சிருந்துச்சு.

கதிர் மம்பட்டிய வாங்கினான். "நான் வெட்டுறேன் மாமா, நீங்க திண்ணையில ஏறுங்க."

மாமா. அங்க சித்தி பையன் இல்ல, அப்பாயி இல்ல, பெரியப்பாவும் நடிப்ப கவனிக்கிற நெலமையில இல்ல. யாழினி தார்ப்பாய விடாம புடிச்சுட்டே நின்னா. விடியறப்ப அவன் குவியலுக்குள்ள கைய விட்டு ஒரு பிடி நெல்ல எடுத்து, ஒண்ண பல்லுல வச்சுக் கடிச்சுப் பாத்தான். "நனையல. ரெண்டு நாள் வெயில் அடிச்சா போதும்."

இந்த மாதிரி ஒரு சீன்ல ஐ லவ் யூன்னு யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. அவன் அந்த வீட்டு வேலையத் தன் வேலையா செஞ்சான், அவ அதப் பாத்தா. உங்க கதை டெல்டாவுல நடக்கலன்னா வேற வேலை குடுங்க, சிவகாசியில, திருப்பூர்ல, கடலோரத்துல அந்தந்த ஊருக்குன்னு ஒரு கஷ்டம் இருக்கும். அதக் கேட்டுத் தெரிஞ்சு எழுதுங்க.

படி 6: தப்பிக்க வழி வரட்டும், ரெண்டு பேருக்கும் அது வலிக்கட்டும்

எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. ஜாதகம்.

மார்கழி முடியப்போகுது, பெரியப்பா ரெண்டு ஜாதகத்தையும் எடுத்துட்டு ஜோசியர்கிட்ட போறார். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசியதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதைன்னு பத்துப் பொருத்தம். எத்தனை சேர்ந்தாலும் ரஜ்ஜு (நட்சத்திரங்கள அஞ்சு குழுவா பிரிச்சுப் பாக்குற பொருத்தம்) தட்டினா நிறைய வீட்ல மேல பேச மாட்டாங்க. யாழினி சித்திரை நட்சத்திரம், கதிர் அவிட்டம்னு வைங்க. மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூணும் சிரசு ரஜ்ஜு, ரெண்டு பேரும் ஒரே ரஜ்ஜுல வந்தா ஆகாதுன்னு சொல்லிடுவாங்க. நட்சத்திரத்த இப்படிச் சரியா பாத்துப் போடுங்க, வாய்க்கு வந்தத எழுதினா ஜாதகம் பாக்கத் தெரிஞ்ச வாசகர் அடுத்த நிமிஷமே கமெண்ட்ல கேப்பாங்க.

பெரியப்பா வாடிப்போய் வர்றார். "சரியா வரலம்மா". இதுதான் அவங்க வேண்டிக்கிட்டு இருந்த விடுதலை. யாருக்கும் அவமானம் இல்ல, யாரு மேலயும் தப்பு இல்ல, பொய்யே வெளிய வராம கதை முடிஞ்சுடும். யாழினி "பரவால்ல பெரியப்பா"ன்னு சொல்லணும், சொல்ல வரல. மாடியில கதிர் லைட்டப் போடாம உக்காந்திருக்கான். தான் நடிக்கலன்னு ரெண்டு பேருக்கும் அந்த ராத்திரிதான் தெரியுது.

அடுத்து என்ன? இன்னொரு ஜோசியரக் கூட்டிட்டு வந்து பரிகாரம் சொல்ல வைக்கிறது சோம்பேறித்தனம். அப்பாயி வரட்டும். குலசாமி கோயில்ல பூ கட்டிப் போட்டுப் பாக்குற வழக்கம் நிறைய குடும்பத்துல இருக்கு, வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், மனசுல ஒண்ண நெனச்சுக்கிட்டு ஒரு குழந்தைய எடுக்கச் சொல்லுவாங்க. "எங்களுக்கெல்லாம் சாமிகிட்ட கேட்டுத்தான் பண்ணாங்க"ன்னு அப்பாயி கிளம்புறாங்க. எடுக்கிற குழந்தை நம்ம சித்தி பையன். வெள்ளை வருது, வீடே குதிக்குது. இப்போ பொய்க்கு சாமியே உத்தரவு குடுத்த மாதிரி ஆயிடுச்சு, ஆசை பெருசாயிடுச்சு, குத்தவுணர்ச்சியும் அதே அளவு பெருசாயிடுச்சு.

படி 7: நாலு நாள, நாலு அடியா வைங்க

போகி: பழச எரிக்கிற நாள், அதையே உவமையா ஆக்க ஆசை வரும், அடக்கிக்கோங்க, எல்லாரும் செய்யறதுதான். அதுக்குப் பதிலா கதிரோட அம்மா பொறந்த ஊர் நாமக்கல் பக்கம்னு வைங்க, அங்க போகி அன்னிக்குக் காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேத்துக் கட்டி வீட்டு எறவாணத்துல செருகுவாங்க. பழக்கத்துல அவன் இந்த வீட்டு வாசல்லயும் செருகிடுறான், அம்மா செய்யறதப் பாத்து வளந்தவன். அந்த வீட்ல யாருக்கும் அந்த வழக்கம் தெரியாது, ஆனா யாரும் எடுத்துப் போடல.

தை 1: வாசல்ல அடுப்பு, புது அரிசி, மஞ்சள் கொத்து கட்டின பானை, பொங்கலோ பொங்கல். முசிறியில இருந்து கதிரோட அம்மா அப்பா தட்டோட வந்து எறங்குறது அன்னிக்கா அடுத்த நாளான்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க. தட்டு எப்பவும் ஒத்தப்படையில, 7 இல்ல 9 இல்ல 11. பூ, பழம், தேங்கா, வெத்தல பாக்கு, மஞ்சள் குங்குமம், புடவை. புடவைய அந்தம்மா எப்போ வாங்கினாங்கன்னு ஒரு வரி எழுதுங்க: போன் வந்த மறுநாளே திருச்சிக்குப் போய் எடுத்தது.

மாட்டுப் பொங்கல்: வேகமா போங்க, கொம்புக்கு பெயிண்ட், பட்டியில பொங்கல், பசங்க சத்தம். கதை மூச்சு விட ஒரு நாள் வேணும்.

காணும் பொங்கல்: இதுதான் உச்சம். பெரியவங்க கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்குற நாள். ஜோடியா வந்து விழுங்கன்னு அப்பாயி கூப்பிடுறாங்க, திருநீறு எடுத்துட்டாங்க. பொய்யோட அந்தக் கால்ல விழ யாழினியால முடியல.

படி 8: உண்மை அவங்க வாயில இருந்து வரட்டும்

யாரோ கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டாங்க, போன்ல வந்த மெசேஜ தங்கச்சி பாத்துட்டா, வில்லன் அத்தை போட்டுக் குடுத்துட்டாங்க. இதுல எதையும் வைக்காதீங்க. மாட்டிக்கிட்டவங்க சொல்ற உண்மைக்கு மதிப்பு கம்மி. மாட்டாமலே தப்பிச்சிருக்கலாம், சாமி கூட பூ குடுத்துருச்சு, இருந்தாலும் சொல்றாங்க பாருங்க, அங்கதான் இவங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குத் தகுதியான ஆளா வளர்றாங்க.

சொல்ற வரிசையும் முக்கியம். முதல்ல மலர்கிட்ட, ஏன்னா உடையப்போறது அவ வாழ்க்கை. அப்புறம் கதிரோட அம்மாகிட்ட, அதக் கதிர்தான் சொல்லணும், யாழினி பக்கத்துல நிக்கலாம். சபையில கடைசியாத்தான். ஒவ்வொருத்தர் கோவமும் வேற வேற மாதிரி இருக்கணும். பெரியப்பா கத்துவார். மலர் "உன்ன யாருக்கா கேட்டா"ன்னு அழுவா. கதிரோட அம்மா ஒண்ணும் பேசாம அந்தப் புடவைய மடிச்சுப் பையில வைப்பாங்க, அதுதான் எல்லாத்தையும் விட கஷ்டமா இருக்கும். முசிறியில இருக்கிற அத்தைய மறந்துடாதீங்க, அவங்களுக்கும் ஒரு போன் கால் பாக்கி இருக்கு, அத்தை பொண்ணு தானே வாய தொறந்து பேசட்டும்.

உடனே யாரும் மன்னிக்க வேண்டாம். ஒரு வசனத்துல எல்லாரும் சிரிச்சுட்டா இதுவரைக்கும் கட்டினது எல்லாம் வீணாயிடும். மலரோட மாப்பிள்ளை வீட்டுக்கு யாழினியே நேர்ல போய்ச் சொல்லட்டும், தலை குனிஞ்சு. அவங்க ஒத்துக்கிறாங்களா இல்லையா, எவ்வளவு நாள் ஆகுதுங்கிறதுக்கு ரெண்டு மூணு எபிசோட் குடுங்க. மாசி போகட்டும்.

படி 9: முடிவும், போடுற நாளும்

நிஜ நிச்சயம் பங்குனிக்கு முன்னாடி வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், வைகாசிக்குத் தள்ளினாலும் நல்லதுதான். இந்தத் தடவ கேக்க வேண்டியது ஜோடி இல்ல. கதிரோட அம்மா தானா பெரியப்பாவுக்குப் போன் போடணும், முதல் தடவ பேசின அதே ரெண்டு பேர், இப்போ ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். ரஜ்ஜு விஷயத்த பெரியப்பா மறுபடி எடுப்பார், அவர் குணத்துக்கு எடுக்கத்தான் செய்வார், அதுக்கு அப்பாயி சொல்ற பதில நீங்க எழுதுங்க, உங்க வீட்டு அப்பாயி எப்படிப் பேசுவாங்களோ அப்படியே.

எபிசோடா போடுறீங்கன்னா மார்கழி 1 அன்னிக்கு ஆரம்பிச்சு, கதையில நடக்கிற நாளும் வெளிய நடக்கிற நாளும் ஒண்ணா போற மாதிரி வைங்க. கூடாரவல்லி எபிசோட் கூடாரவல்லி அன்னிக்கு, போகி எபிசோட் போகி காலையில, படிக்கிறவங்க பஸ்ல ஊருக்குப் போய்ட்டே படிப்பாங்க. காணும் பொங்கல் அன்னிக்கு ராத்திரி உண்மை வெளிய வர்ற எபிசோட், அதுக்கப்புறம் மாசி வரைக்கும் வாரத்துக்கு ஒண்ணு போதும். ஆனா எழுதுறத ஐப்பசியிலயே ஆரம்பிச்சுடுங்க, குறைஞ்சது பாதிக் கதையாவது கையில இல்லாம முதல் எபிசோடப் போடாதீங்க, பொங்கல் வாரத்துல உங்க வீட்லயும் விருந்தாளி வருவாங்க, வேலை இருக்கும், நடுவுல நின்னுட்டா தை முடிஞ்சப்புறம் அந்த வாசகர் திரும்பி வர மாட்டாங்க.